பாளையங்கோட்டை வீட்டில் பார்டர் கோலி வளர்க்கலாமா?

தம்பி கேட்டிருப்பது இதுதான். பாளையங்கோட்டையில் தனி வீடு, பின்னால் ஐந்து சென்ட் காலியிடம், சுற்றுச்சுவர் உண்டு. ஒன்பது வயதில் பெண், ஐந்து வயதில் பையன். கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் வீட்டில் அம்மா மட்டும். பிள்ளைகள் போனில் வீடியோ பார்த்துவிட்டு பார்டர் கோலி நாய்தான் வேண்டும் என்று நிற்கிறார்கள். அப்பா காலத்தில் அல்சேஷன் இருந்த வீடு, அதனால் நாய்ப் பழக்கம் உண்டு. நம்ம வெயிலை அது தாங்குமா, பிள்ளைகளோடு ஒத்துப்போகுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது வாங்காதீர்கள். வெயிலைச் சமாளித்துவிடலாம், ஐந்து சென்ட் தாராளம், பிள்ளைகளையும் பழக்கிவிடலாம். ஆனால் காலை ஐந்து மணிக்கு ஒரு ஆளும் சாயங்காலம் ஒரு ஆளும் அந்த நாய்க்கென்றே வேண்டும், மழையோ காய்ச்சலோ கல்யாண வீடோ, அடுத்த பன்னிரண்டு பதிமூன்று வருஷத்துக்கு. நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். அந்த ஆள் யார் என்று அதில் இல்லை.

நான் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். ஒன்பது வருஷமாக ஒரு பார்டர் கோலியோடு இருக்கிறேன். சிட்டு என்று பெயர், பொட்டை, கறுப்பு வெள்ளை, பதினாறு கிலோ. நான் தேடிப் போய் வாங்கியது கிடையாது. பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் அடுக்குமாடி வீட்டில் வளர்த்தான். அது கதவு நிலையைக் கடித்தது, சுவர்ப் பூச்சைச் சுரண்டியது, பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பதினோராவது மாதத்தில் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, "மாமா, கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கிடுங்க" என்று விட்டுவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், தினமும் ஒரு மணிநேரம் நடத்திக் கூட்டிப்போனவன்தான். நாயிடமும் ஒரு கோளாறும் இல்லை. அதற்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த இனம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் இருக்கிற மேட்டு நிலத்தில் செம்மறி மேய்க்க வளர்த்த நாய்கள் இவை. பார்டர் என்பது அந்த எல்லைதான். 1893-ல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்கிற கடுவன்தான் இன்றைக்கு இருக்கிற பார்டர் கோலிகளுக்கெல்லாம் முன்னோர் என்று சொல்வார்கள். அது குரைக்காமல், கடிக்காமல், வெறும் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்துமாம். அதனால் அக்கம்பக்கத்து மேய்ப்பர்கள் எல்லாரும் தங்கள் பொட்டை நாய்களை அதனிடம் கொண்டுவந்தார்கள். 1906-ல் மேய்ப்பு நாய்களுக்கென்று சங்கம் வைத்தார்கள், பார்டர் கோலி என்ற பெயர் வந்தது 1915-ல். இங்கிலாந்துக் கென்னல் கிளப் இதை ஒரு இனமாக ஏற்றுக்கொண்டதே 1976-ல்தான். அதுவரைக்கும் காது நிமிர்ந்திருக்கிறதா மடங்கியிருக்கிறதா, ரோமம் நீளமா குட்டையா என்றெல்லாம் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டை விடாமல் நாள் முழுக்க நிற்குமா, நூறு கஜம் தள்ளி நின்று விசில் அடித்தால் கேட்குமா, இதை மட்டும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நாய். அப்படிப்பட்ட ஒன்றை வளவுக்குள் வைத்துப் பூட்டினால் அந்தக் குணம் எங்கேயும் போய்விடாது. ஆட்டுக்குப் பதிலாக வேறு எதையாவது பிடித்துக்கொள்ளும்.

அப்பா வளர்த்த அல்சேஷனும் மேய்ப்பு நாய்தான் என்று பலருக்குத் தெரியாது. 1899-ல் ஜெர்மனியில் ஸ்டெபானிட்ஸ் என்கிற ராணுவ அதிகாரி பதிவு செய்து ஆரம்பித்த இனம். ஆனால் அதன் வேலை வேறு மாதிரி. ஆடு பக்கத்துப் பயிரில் இறங்கிவிடாமல் ஓரத்திலேயே மேலும் கீழும் நடந்து காப்பது. அதனால்தான் வாசல், சுவரோரம் என்று ஒரு எல்லையைக் கொடுத்தால் அது பாட்டுக்கு இருந்துகொள்ளும். பார்டர் கோலிக்கு எல்லை போதாது, எதிரில் நகர்கிற ஒன்று வேண்டும். அல்சேஷன் அனுபவத்தை வைத்து இதை எடைபோடாதீர்கள்.

நம்ம ஊர்க் கிடை நாய்களை வைத்தும் எடைபோடக் கூடாது. இங்கே ஆட்டை நடத்துகிறது மேய்க்கிறவர்தான், குரலாலும் கம்பாலும். நாய் ராத்திரி கிடையைச் சுற்றிப் படுத்து நரிக்கும் திருடனுக்கும் காவல், அவ்வளவுதான். ஆடு அதைக் கண்டு பயப்படாது, மேலே மிதித்துக்கொண்டு போகும். சிட்டு வந்த புதிதில் இந்த வித்தியாசம் எனக்கே தெரியாது. பங்குனியில் பிசான அறுப்பு முடிந்த வயலில் ஒருத்தர் கிடை போட்டிருந்தார், முந்நூறு ஆடு இருக்கும். வரப்பு மேலே போய்க்கொண்டிருந்தோம். என் கையில் வார் இருக்கிறது, ஆனால் அது திடீரென்று கனக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் சிட்டு வயிறு மண்ணில் உரசுகிற அளவுக்குத் தாழ்ந்து நிற்கிறது, தலை தோளுக்குக் கீழே, முன்னங்கால் ஒன்று பாதி தூக்கியபடி, கண் சிமிட்டவில்லை. அதுவரை ஆட்டையே பார்த்திராத நாய். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின, அப்புறம் மொத்தமும் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது. கிடைக்காரர் எழுந்து வந்தார். "அண்ணாச்சி, இது நாய் மாதிரி பாக்கலை, நரி மாதிரில்லா பாக்கு. சினையாடு கெடக்கு, இழுத்துப் பிடிச்சுக்கிடுங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. வேட்டை குணத்தில் பார்ப்பதையும் பதுங்குவதையும் வளைப்பதையும் வைத்துக்கொண்டு, கொல்லுவதை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் குறைத்து எடுத்ததுதான் இந்த நாய். பழக்காத பார்டர் கோலியை அடுத்தவர் ஆட்டில் விடவே கூடாது, மிரண்டு ஓடுகிற ஆடு கால் ஒடியும், சினை கலையும்.

இப்போது உங்கள் ஐந்து வயதுப் பையனுக்கு வருகிறேன், இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஒரு பொங்கல் லீவில் எங்கள் வளவில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். சிட்டுவும் கூட ஓடியது, எல்லாருக்கும் சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பிள்ளைகள் விளையாடுகிற இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. யார் கிணற்றுப் பக்கம் விலகினாலும் சிட்டு வெளிவட்டமாகச் சுற்றிப் போய் முன்னால் நிற்கும், பிள்ளை திரும்பிவிடும். கடைசியில் அத்தனை பேரும் வேப்பமரத்து மூட்டில் ஒரு கூட்டமாக நிற்கிறார்கள், யாரும் அவர்களை அங்கே நிற்கச் சொல்லவில்லை. தார்சாவில் உட்கார்ந்து நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் நாலு வயதுப் பையன் ஒருத்தன் அழுதுகொண்டு கூட்டத்திலிருந்து தெறித்து ஓடினான். சிட்டு பின்னாலேயே போய்க் குதிகாலில் ஒரு கவ்வு. தோல் கிழியவில்லை, சிவப்பாக இரண்டு பல் தடம். கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தோல் கிழியாவிட்டாலும், தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், பல் பட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போய்விட வேண்டும். இதில் யோசிக்கவே கூடாது.

அது கோபத்தில் கடித்தது இல்லை. தப்பி ஓடுகிற ஆட்டைத் திருப்புகிற வேலை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது நாய்க்கடிதான், அந்தத் தாய்க்கும் அப்படித்தான். தவறு என்னுடையது. கூட்டம் சுருங்க ஆரம்பித்த நிமிஷத்திலேயே நான் எழுந்து சிட்டுவை உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்கு அப்புறம் இங்கே சட்டம் ஒன்றுதான்: பிள்ளைகள் ஓடி விளையாடினால் நாய் உள்ளே, நாய் வெளியே இருந்தால் பிள்ளைகள் நடப்பார்கள். துரத்த வந்தால் கத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றுவிடப் பழக்கியிருக்கிறோம், நகராத பொருளில் அதற்கு ஆர்வம் போய்விடும். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இது ஒரு வாரத்தில் வந்துவிடும். ஐந்து வயதுப் பையனுக்கு வராது, அவன் ஓடுவான், ஓடத்தானே செய்வான்.

இதே குணம் தெருவில் உயிருக்கே ஆபத்து. பைக், ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன், எல்லாம் அதற்கு விலகி ஓடுகிற ஆடு. மார்க்கெட் பக்கம் இருக்கிற போக்குவரத்தில் வார் இல்லாமல் ஒரு நாள் வாசல் திறந்திருந்தால் போதும். கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு போகும், அதனால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டுகிற பட்டைதான். கேட்டுக்கு உள்ளே இன்னொரு தடுப்பும் வேண்டும், கேஸ்காரர் வரும்போது ஒரு கதவு திறந்தாலும் இன்னொன்று மூடியிருக்கிற மாதிரி.

சரி, வேலை வேலை என்கிறேனே, ஆடு இல்லாத வீட்டில் என்ன வேலை கொடுப்பது? நிறையப் பேர் செய்கிற தப்பு பந்து எறிவது. நானும் முதல் ஆறு மாதம் அதைத்தான் செய்தேன். காலையில் அரைமணிநேரம் எறிந்தால் நாய் களைத்துப் படுத்தது. இரண்டு மாதத்தில் அரைமணி முக்கால்மணி ஆனது, அப்புறம் ஒன்றரை மணி ஆனது. மூச்சும் தசையும் பலப்பட்டதே தவிர மனசு அடங்கவில்லை, பந்து கண்ணில் படாவிட்டால் கையையே வெறித்துக்கொண்டு நிற்கும். ஓட்டம் குறைத்து மூக்குக்கும் மூளைக்கும் வேலை கொடுத்ததும்தான் வீடு அமைதியானது. ஓலைப்பெட்டி நாலைந்து வைத்திருக்கிறேன். ஒன்றில் மட்டும் தீனியைப் போட்டு மூடி, ஒன்று மச்சில், ஒன்று புறவாசலில், ஒன்று உரலுக்குப் பின்னால் என்று வைத்துவிட்டு "தேடு" என்பேன். இருபது நிமிஷம் மோப்பம் பிடித்துத் தேடினால் ஒரு மணிநேரம் ஓடிய நாயை விட நன்றாகத் தூங்குகிறது. ஓலையைக் கடித்து விழுங்காமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொருளுக்குப் பெயர் சொல்லிக்கொடுக்கலாம். அமெரிக்காவில் தென் கரோலினாவில் ஜான் பில்லி என்கிற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், சேஸர் என்கிற தன் பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தார், 2011-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. எல்லாரும் அந்த 1,022-ஐத்தான் சொல்கிறார்கள். அவர் மூன்று வருஷம் தினமும் நாலைந்து மணிநேரம் அதோடு உட்கார்ந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. உலகத்திலேயே அறிவான நாய் என்று உங்கள் பிள்ளைகள் வீடியோவில் பார்த்தது அந்த மணிநேரங்களைத்தான்.

அதைவிட முக்கியம், சும்மா இருக்கக் கற்றுக்கொடுப்பது. இந்த இனத்துக்கு அது தானாக வராது. நான் பத்தமடைக் கோரைப்பாய் ஒன்றை, சாதாரணப் பாய்தான், சிட்டுவுக்கென்று வைத்தேன். பாயில் படுத்தால் சத்தமில்லாமல் ஒரு துண்டு அவித்த கோழி, எழுந்தால் ஒன்றும் கிடையாது. முதல் நாள் ஐந்து விநாடி, பத்தாவது நாள் இரண்டு நிமிஷம், மூன்று மாதத்தில் நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும். இப்போது "பாய்" என்று சொன்னால் போதும், சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனாலும் விரித்த இடத்தில் படுத்துக்கொள்கிறது. குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணிநேரம்கூடத் தூங்க வேண்டும். பிள்ளைகள் எழுப்பி எழுப்பி விளையாடினால் சாயங்காலம் அது வெறிபிடித்த மாதிரி கடிக்கும், பசி என்று நினைத்து இன்னும் தீனி போடுவார்கள்.

வேலை கொடுக்காவிட்டால் அதுவே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்றேன் இல்லையா. சிட்டு கண்டுபிடித்தது வெளிச்சத்தை. காலை எட்டு மணி வெயில் ஜன்னல் வழியாக எவர்சில்வர் குடத்தில் பட்டு, எதிர்ச்சுவரில் ஒரு ஒளி ஆடும். அதன் முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கூப்பிட்டால் காது திரும்பாது, தீனித் தட்டு வைத்தால் பார்க்காது, வெளிச்சம் போன பிறகும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் பேன் நிழலும் சேர்ந்துகொண்டது. இது விளையாட்டு இல்லை, மனநோய் மாதிரி. குடத்தை இடம் மாற்றி, ஜன்னலுக்குத் திரை போட்டு, அந்த நேரத்தில் வெளியே கூட்டிப்போய் என்று அது குணமாக ஐந்து மாதம் ஆனது. லேசர் விளக்கை அடித்து விளையாட்டுக் காட்டுகிற பழக்கம் இருந்தால் இந்த நாயிடம் தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெயில் கேள்விக்கு வருகிறேன். இரட்டை ரோமம் உள்ள நாய், குளிர் நாட்டு நாய், ஆனாலும் சமாளிக்கலாம். காலை ஐந்திலிருந்து ஆறரை, சாயங்காலம் ஆறுக்கு மேல், நடுவில் சிமெண்டுத் தரை, பேன், தண்ணீர். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஐந்து எண்ண முடியவில்லை என்றால் நடத்தக் கூடாது. ஆனி ஆடிச் சாரல் காலத்தில் எங்கள் பக்கம் அதற்குச் சொர்க்கம், பாளையங்கோட்டையில் அந்த அளவு குளிர்ச்சி வராது, ஆனாலும் காற்று உண்டு. பயப்பட வேண்டியது சித்திரை வைகாசிக்கு. அதிலும் இந்த இனம் களைப்பைக் காட்டாது, நிறுத்தாமல் ஓடும், சில பார்டர் கோலிகளுக்குக் கடும் ஓட்டத்துக்குப் பின் பின்னங்கால் தள்ளாடி விழுகிற ஒரு கோளாறும் உண்டு. நாக்கு அகன்று தொங்கி, எச்சில் பிசினாகி, நடை தள்ளாடினால் முதலில் குளிரவைக்க வேண்டும், அப்புறம்தான் வண்டி: குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, பேனுக்கு முன்னால். ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். நாய்க்குச் சாதாரண உடம்புச் சூடு 38-லிருந்து 39 டிகிரி சொச்சம், 41-ஐத் தாண்டினால் உயிர்ப் பிரச்சினை. ரோமத்தை மொட்டையடிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள், அது வெயிலையும் மறைக்கிற ரோமம். உள்ரோமத்தை வாரத்துக்கு மூன்று தடவை சீவி எடுத்தாலே காற்று போகும். ஐப்பசி கார்த்திகையில் நனைந்தால் அடி வரை துவட்ட வேண்டும், இல்லாவிட்டால் தோலில் புண் வரும்.

உண்ணி நம்ம பக்கம் பெரிய தொல்லை, உண்ணிக் காய்ச்சலில் நாய்கள் செத்துப்போகின்றன. இதற்கு ஆட்டு மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியைக் கடையில் வாங்கி நாய்க்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு ஒரு மரபணு மாற்றம் உண்டு, அந்த மருந்து மூளைக்குள் போய் நாயையே கொன்றுவிடும். நீள மூஞ்சி ரஃப் கோலியில் அது ரொம்ப சகஜம், பார்டர் கோலியில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "இது கோலி வகை" என்று சொல்லிவிடுங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருப்பது உங்களுக்கு வசதி.

சத்தம் இன்னொன்று. கோவில் கொடைக்கு வேட்டு போடுகிற ராத்திரியில் சிட்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து நடுங்கும். நடு அறை, கதவெல்லாம் தாழ், பேன் முழு வேகம், பக்கத்தில் ஒரு ஆள், அப்படியும் தாங்காவிட்டால் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிய மாத்திரை. தீபாவளிக்கும் இதேதான். சாப்பாட்டில் பெரிய சங்கதி இல்லை: சோறு, அவித்த கோழி, முட்டை, சாளை மீன், கூட நல்ல நாய்த் தீனி. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது, அல்வாவும் கூடாது, பிள்ளைகள் ஆசையாக ஊட்டுவார்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். காலை எட்டரை முதல் சாயங்காலம் ஆறு வரை அந்த நாயோடு இருக்கப்போவது அவர்கள்தான். பதினாறு கிலோ நாய் அணிலைக் கண்டு ஒரு இழுப்பு இழுத்தால் வயதானவர்கள் கீழே விழுவார்கள். அவர்களிடம் கேட்டீர்களா? கேட்காமல் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், பிள்ளைகள் முன்னால் வேண்டாம், தனியாக.

நாய் வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை என்றால் நம்ம தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுங்கள். இந்த வெயிலுக்கே பிறந்தது, நோய் தாங்கும், ஒரு மணிநேர நடையும் வீட்டு மனுஷரும் இருந்தால் நிறைந்துவிடும். கன்னி, சிப்பிப்பாறை நம்ம மண்ணின் இனம்தான், எனக்கும் பெருமைதான், ஆனால் அவையும் ஓடப் பிறந்த வேட்டை நாய்கள், பாளையங்கோட்டைத் தெருவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பையனுக்கு எட்டு ஒன்பது வயது ஆகி, உங்களில் ஒருவருக்கு நேரம் அமைந்து, அப்போதும் பார்டர் கோலிதான் என்றால், குட்டியின் தாயை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். முப்பது நாளில் பிரித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், எட்டு வாரம் தாயோடு இருந்த குட்டியைத்தான் எடுக்க வேண்டும். சாம்பல் புள்ளி ரோமம், மெர்ல் என்பார்கள், விலை கூடச் சொல்வார்கள். தாய் தகப்பன் இரண்டும் மெர்லாக இருந்தால் குட்டி குருடாகவோ செவிடாகவோ பிறக்கலாம். அதற்கெல்லாம் முன்னால் ஒரு நாள், முடிந்தால் சித்திரையில், எங்கள் வீட்டுக்குப் பிள்ளைகளோடு வாருங்கள். முந்தின நாள் ராத்திரியே வந்து தங்கிவிடுங்கள், ஏனென்றால் கன்னடியன் கால்வாய்க் கரைக்குச் சிட்டு கிளம்புவது ஐந்து மணிக்கு, நாலரைக்கே வந்து கட்டில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.